பசித்தும் உண்ணாத நோய்

உணவு கிடையாமல் மெலிவது வறுமையின் குறி. உண்ட உணவு உடலில் ஒட்டாமல் மெலிவது க்ஷயம் முதலிய பிணிகளின் குறி. இவ்விரண்டையும் நாம் நன்கு அறிவோம். ஆனால் வீட்டில் உணவிருந்தும், வயிற்றில் பசியிருந்தும், குடலிலாவது ஈரலிலாவது யாதொரு கோளாறும் காணப்படாதிருந்தும், பதினாறு பதினேழு வயதுப் பெண்ணொருத்தி நாளுக்கு நாள் உணவைக் குறைத்துக்கொண்டே சென்று எலும்புந் தோலுமாய் நிற்பாளாயின், அதற்கு யாது பெயரிடுவது? பிடிவாதம் என்பார் தந்தை. கண்ணேறு என்பாள் பாட்டி. நாகரிக மோகம் என்பான் அயலான். விரதமென்று புகழ்வாருங்கூட உண்டு. மேனாட்டு வைத்தியர்கள் இதனை அனோரெக்ஸியா நெர்வோஸா என்னும் தனி வியாதியாக நிர்ணயித்து 150 வருஷங்களுக்கு மேலாயின. மனோவியாதிகளுள் மிகுதியான உயிர்களைக் கவர்வனவற்றில் இஃதொன்று என்பதும் தெளிவாகிவிட்டது. எனினும் நம்மில் கற்றவர்களுக்கும் இதன் இயல்பு விளங்கியபாடில்லை.

ஒரு நோய்க்கு இலட்சணம் வகுப்பது பண்டிதர்களின் அகராதி வேலை என்று வாசகர்கள் எண்ணலாகாது. இலட்சணம் என்பது ஒரு வேலி. வேலிக்குள் இருப்போருக்கு மருந்தும் பராமரிப்பும் கிட்டும். வெளியே நிற்போருக்கு வசையும் புத்திமதியுமே கிட்டும். இந்நோயின் வேலி எங்கே இடப்பட்டது, யார் யாரை வெளியே நிறுத்தியது, எப்போது மாற்றி இடப்பட்டது என்பதே இதன் சரித்திரமாகும்.

முதற் குறிப்பு

லண்டன் மாநகரின் வைத்தியராகிய ரிச்சர்ட் மார்ட்டன் என்பார் 1689-ம் வருஷத்தில் க்ஷயரோகத்தைப் பற்றி லத்தீன் பாஷையில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூலில், ஜ்வரமும் இருமலும் மூச்சுத் திணறலும் இல்லாமல் உடல் மட்டும் தேய்ந்து போகும் ஒருவகை மெலிவை அவர் தனியே பிரித்துக் காட்டி, இது மனத்தின் துயரினாலும் கவலையினாலும் விளைவது என்றார். அவர் கண்ட நோயாளிகளுள் ஒருத்தி 18 வயது யுவதி. இரவும் பகலும் புத்தகத்தின்மேல் கவிழ்ந்திருந்தவள். மருந்தை வெறுத்து மறுத்துவிட்டுச் சில மாதங்களில் உயிர் நீத்தாள். மற்றொருவன் 16 வயதுச் சிறுவன். அவனைப் படிப்பை நிறுத்திவிட்டுக் கிராமக் காற்றுக்குப் போகும்படியும், பாலுணவு கொள்ளும்படியும், குதிரையேறும்படியும் வைத்தியர் ஏவ, அவன் பெரிதும் தேறினான். முதன்முதலில் எழுதப்பட்ட இவ்விருவரில் ஒருவன் ஆண்மகன் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்; பின்வந்தோர் நெடுங்காலம் அதனை மறந்திருந்தனர்.

இதன்பின் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தன. 1873-ம் வருஷத்தில், ஒருவரையொருவர் கலந்தாலோசியாமலே, பாரிஸ் நகரத்தில் சார்ல் லஸேக் என்பவரும் லண்டனில் சர் வில்லியம் கல் என்பவரும் இந்நோயை வெளியிட்டனர். லஸேக் எட்டு நோயாளிகளைக் கண்டு எழுதினார். அவருடைய கட்டுரையின் சிறப்பு யாதெனில், நோயாளியை மட்டுமன்றி அவளைச் சூழ்ந்த குடும்பத்தையும் அவர் கூர்ந்து பார்த்ததேயாம். வீட்டார் முதலில் கெஞ்சுவர்; பின்பு மிரட்டுவர்; கெஞ்சலும் மிரட்டலும் வளர வளர மறுப்பும் வளரும். நோயாளியோ தன் நிலையைப் பற்றிக் கவலையின்றி, தனக்கு யாதொரு குறையும் இல்லை என்பாள். இதனை எழுதிய கை ஒரு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியது. ஆயினும் இன்று இந்நோய் புகுந்த எந்த வீட்டிலும் இதே காட்சியைக் காணலாம்.

கல் என்பவர் லண்டனில் கை ஆஸ்பத்திரியின் வைத்தியர். விக்டோரியா ராணியின் மூத்த குமாரருக்கு விஷஜ்வரம் கண்டபோது சிகிச்சை செய்து பெயர் பெற்றவர். அவர் 1868-ம் வருஷத்திலேயே இந்நோயைக் குறிப்பாகச் சொல்லியிருந்தார். 1873-ம் வருஷத்து அக்டோபர் மாதத்தில் லண்டன் வைத்தியர் சங்கமொன்றில் விரிவாகப் படித்து, இப்போது வழங்கும் பெயரையும் சூட்டினார். உடல் இவ்வளவு வற்றியும் நோயாளிகள் ஓரிடத்தில் இருப்பதின்றி ஓயாமல் நடமாடிக்கொண்டிருப்பது அவருக்கு வியப்பைத் தந்தது. நாடி மெதுவாக அடிப்பதையும், உடல் குளிர்ந்திருப்பதையும், மாதவிலக்கு நின்றுபோவதையும் அவர் குறித்தார். நோயாளியின் விருப்பத்துக்கு விடாமல் குறித்த நேரங்களில் உணவூட்டவேண்டும் என்பது அவர் கண்ட சிகிச்சை. உற்றார் உறவினரே பெரும்பாலும் மிகவும் தகுதியற்ற பணிவிடைக்காரர் என்று அவர் கூறியது பிற்காலத்தில் பல பெற்றோருக்குத் தீராத மனவருத்தத்தை விளைவித்தது. இது குறித்துப் பின்னர் பேசுவோம்.

பெயரில் உள்ள பிழை

அனோரெக்ஸியா என்பது கிரேக்கச் சொல். பசியில்லாமை, உணவில் விருப்பமில்லாமை என்பது பொருள். நெர்வோஸா என்றால் நரம்பைச் சார்ந்தது. எனவே நரம்பைச் சார்ந்த பசியின்மை என்று தமிழில் மொழிபெயர்ப்பார் உளர். மொழிபெயர்ப்பு சரியே; மூலப் பெயர்தான் பிழை. இந்நோயாளிகளுள் பெரும்பாலோருக்குப் பசி அற்றுப்போவதில்லை. பசி இருக்கிறது, அதை அடக்குவதே நோயின் வேலை. தாம் உண்ணாமல் பிறருக்கு விதவிதமாய்ச் சமைத்துப் போடுவதும், சமையற் புத்தகங்களை ஆசையோடு படிப்பதும், ஒரு கவளத்தைப் பத்தாய்ப் பிரித்து நெடுநேரம் உண்பதும் இவர்களிடம் சாதாரணம். பசியற்றவர் சோற்றைப் பற்றி நாள் முழுதும் எண்ணுவாரோ?

இவ்விஷயத்தில் ஐயம் தீர்த்தது, இந்நோய்க்குச் சம்பந்தமில்லாத ஒரு பரீக்ஷை. இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசியில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவூட்டி உயிர்ப்பிப்பது என்று அறியும்பொருட்டு, அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்னும் பேராசிரியர் 1944, 1945-ம் வருஷங்களில் 36 ஆண்களை அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்கள் யாவரும் மனச்சாட்சியின் காரணமாக ஆயுதமெடுக்க மறுத்து, இத்தொண்டுக்குத் தாமே முன்வந்தவர்கள். உடலும் உள்ளமும் திடமானவர்கள். ஆறு மாதத்தில் உடலெடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தபோது, அவர்களும் சோற்றையே நினைந்தனர். சமையற் குறிப்புக்களைச் சேகரித்தனர். தட்டில் உள்ளதை வைத்துக்கொண்டு வெகுநேரம் விளையாடினர். சிடுசிடுப்பும் சோர்வும் கொண்டனர். நண்பரை விட்டு ஒதுங்கினர். பட்டினியே மனத்தைப் பிறழச் செய்யும் என்பது இதனால் வெளியாயிற்று. ஆகவே இந்நோயாளியின் விபரீத நடத்தைகளில் பல, நோயின் மூலகாரணமல்ல, பட்டினியின் பயனேயாம். முதலில் உணவேற்றி உடலைத் தேற்றாமல் மனத்தோடு வாதாடுவதில் பயனில்லை என்று வைத்தியர்கள் கொள்வதற்கு இதுவே ஆதாரம்.

வழி தவறிய காலம்

சாஸ்திரமும் சிலபோது வழி தவறும். 1914-ம் வருஷத்தில் ஹாம்பர்க் நகரத்து மாரிஸ் ஸிம்மண்ட்ஸ் என்பவர், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அழிந்துபோனதால் மெலிந்து இறந்த ஒரு ஸ்திரீயைப் பற்றி எழுதினார். அதுமுதல், காரணமறியாது மெலிந்தோர் பலரும் சுரப்பி நோயாளிகளாகவே எண்ணப்பட்டு, சுரப்பியின் சத்துக்களைக் கொண்டு சிகிச்சை செய்யப்பட்டனர். மனோவியாதி என்ற எண்ணமே மங்கிற்று. அச்சுரப்பி அழிந்தவர்களுக்குக் கடும் மெலிவு ஏற்படுவது அரிது என்று 1949-ம் வருஷத்தில் ஷீஹன், ஸம்மர்ஸ் என்னும் இருவர் விளக்கிக் காட்டிய பின்னரே அக்குழப்பம் முற்றும் ஒழிந்தது.

அதன்பின் வந்தவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் ஹில்டே புரூக் என்னும் அம்மையார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், 1962-ம் வருஷத்தில் இந்நோயின் மூன்று அடையாளங்களை எடுத்துரைத்தார். எலும்புக்கூடாய் இருக்கும்போதும் தன்னைப் பருமனென்றே காண்பது ஒன்று. பசி, களைப்பு முதலிய உடலின் குரல்களைப் பிரித்தறிய மாட்டாமை மற்றொன்று. எச்செயலும் தன் கையில் இல்லை என்ற ஆழ்ந்த இயலாமை உணர்ச்சி மூன்றாவது. எதையும் ஆளமுடியாதவள் தன் உடலையாவது ஆளுகிறேன் என்று தொடங்குகிறாள்; சில மாதங்களில் அந்த ஆட்சியே அவளை அடிமை கொள்ளுகிறது.

இன்றைய இலட்சணம்

இப்போது உலகெங்கும் வைத்தியர்கள் கைக்கொள்ளும் நிர்ணய நூல்கள் இரண்டு. ஒன்று அமெரிக்க மனோவைத்திய சங்கத்தினுடையது. மற்றொன்று உலக சுகாதார ஸ்தாபனத்தினுடையது. முன்னதன் ஐந்தாம் பதிப்பு 2013-ம் வருஷத்தில் வெளியாயிற்று. அதன்படி மூன்று இலட்சணங்கள் கூடியிருத்தல் வேண்டும். முதலாவது, உடலின் தேவைக்குக் குறைவாக உண்பதனால், வயது, பால், வளர்ச்சி ஆகியவற்றுக்கு ஏற்றதைக்காட்டிலும் எடை வெகுவாகக் குறைந்திருத்தல். இரண்டாவது, எடை கூடிவிடுமென்ற கடும் அச்சம். அல்லது, அச்சத்தை வாயால் சொல்லாவிட்டாலும், எடை கூடாதபடி விடாமல் செய்துவரும் செய்கை. மூன்றாவது, தன் உடலின் அளவையும் வடிவையும் பிறழ உணர்தல், அல்லது தன் மதிப்பு முழுவதையும் அதன்மீதே ஏற்றிப் பார்த்தல், அல்லது நிலைமையின் அபாயத்தை அறிய மறுத்தல். இந்நோயில் இரண்டு பிரிவும் உண்டு. உணவைக் குறைத்தும் ஓயாது உடலை உழைத்தும் மெலிவோர் ஒரு வகை. இடையிடையே மிதமிஞ்சி உண்டுவிட்டு வாந்தி, பேதி முதலியவற்றால் அதனைப் போக்குவோர் மற்றொரு வகை. 2022-ம் வருஷம் முதல் அமலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் பதினோராம் பதிப்பும் பெரும்பாலும் இதனையே ஒத்திருக்கிறது.

இவ்விலட்சணம் ஒரே நாளில் இவ்வடிவம் பெற்றதன்று. 1980-ம் வருஷத்து அமெரிக்கப் பதிப்பு, எடையில் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தாலொழிய இந்நோய் என்று கொள்ளலாகாது என்றது. 1994-ம் வருஷத்துப் பதிப்பு, இருக்கவேண்டிய எடையில் நூற்றுக்கு 85 பங்குக்குக் கீழ் என்பதை உதாரணமாகக் காட்டி, பூப்படைந்த பெண்களுக்குத் தொடர்ந்து மூன்று மாதவிலக்குகள் நின்றிருக்கவேண்டுமென்றும் விதித்தது. அவ்விதியை ஆண்மகனுக்கு எவ்வாறு பொருத்துவது? மாதவிலக்கு நிற்காமலே உயிருக்கு மன்றாடும் பெண்களை என் செய்வது? 2013-ம் வருஷத்துப் பதிப்பு அவ்விதியை அடியோடு நீக்கிற்று. மறுத்தல் என்ற சொல்லையும் நீக்கி, உணவைக் கட்டுப்படுத்தல் என்று மாற்றிற்று. மறுத்தல் என்றால் வேண்டுமென்றே செய்யும் குற்றம் என்ற பொருள் ஏறிவிடுகிறதன்றோ?

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

கொழுத்துவிடுவோமென்ற அச்சமே இந்நோயின் உயிர்நிலை என்று 1970-ம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் மேனாட்டார் முடிவு செய்தனர். ஆனால் 1873-ம் வருஷத்தில் எழுதிய கல், லஸேக் இருவரும் அவ்வச்சத்தைப் பிரஸ்தாபிக்கவேயில்லை. கீழ்நாடுகளில் அது பொருந்தவுமில்லை. 1993-ம் வருஷத்தில் ஹாங்காங் வைத்தியர் ஸிங் லீ என்பவர், தாம் கண்ட 70 சீன நோயாளிகளில் 41 பேருக்கு அவ்வச்சம் இல்லை என்று வெளியிட்டார். வயிறு நிறைந்திருக்கிறது, உணவு செல்லவில்லை என்பனவே அவர்கள் கூறிய காரணங்கள். 1995-ம் வருஷத்தில் டில்லி வைத்தியர்களும் இத்தகைய ஐந்து யுவதிகளைப் பற்றி எழுதினர். உண்ண மறுத்தல், வாந்தி, பெரு மெலிவு, மாதவிலக்கு நிற்றல் எல்லாம் இருந்தன. தன்னைப் பருமனென்று காணும் பிறழ்ச்சி மட்டும் இல்லை. மேனாட்டு வேலியின்படி இவர்கள் வெளியார். மரணத்துக்கோ அந்த வேலி தெரியாது. எடை கூடாதபடி தடுக்கும் செய்கையே போதும் என்று 2013-ம் வருஷத்துப் பதிப்பு சேர்த்துக்கொண்டது, இத்தகையோருக்கும் வாயில் திறந்ததாகும்.

இன்னும் ஒரு கூட்டத்தார் உளர். முன்பு பருத்திருந்தவர் வெகு விரைவில் எடையைக் குறைத்துச் சாதாரண அளவுக்கு வந்து நிற்கையில், ஊரார் அவரைப் புகழ்வர். உள்ளே அதே அச்சமும் அதே பட்டினியும் இருக்கும். நாடித் தளர்ச்சியும் மயக்கமும் இருக்கும். ஆறு மாதத்துக்குள் உடலெடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் குறைந்தால், மற்ற இலட்சணங்கள் பொருந்தும்போது அதனையும் குறைந்த எடைக்கு ஈடாகக் கொள்ளலாமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. கண்ணால் பார்த்த மாத்திரத்தில் இந்நோயை அறிந்துவிடலாம் என்ற எண்ணம் தவறு.

வறியோர் நிறைந்த நாட்டில் இது பேசத்தக்கதா?

சோற்றுக்கு வழியில்லாதோர் கோடிக்கணக்காய் இருக்க, உண்ண மறுக்கும் செல்வர் வீட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதுவானேன் என்று தேசபக்தர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு துன்பம் மற்றொரு துன்பத்துக்குப் போட்டியன்று. மேலும், இது செல்வர் பிணி என்பது பழைய நம்பிக்கை. 2019-ம் வருஷத்தில் 17 தேசங்களிலிருந்து ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் பரம்பரைக் கூறுகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர், இந்நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் கண்டனர். அவை மனத்தோடு மட்டுமன்றி, உடல் உணவைச் செலவிடும் முறையோடும் உறவுடையன என்று தோன்றுகிறது. பிறவிச் சுபாவம் விறகு. சமூகத்தின் ஏச்சும் ஆசையும் தீப்பொறி. பிஜித் தீவின் ஒரு மாகாணத்தில் 1995-ம் வருஷத்தில் டெலிவிஷன் வந்தது. எடை குறைக்கும்பொருட்டுத் தாமே வாந்தியெடுக்கும் பெண் குழந்தைகள் அப்போது அங்கே ஒருவருமில்லை. மூன்றே வருஷத்தில் நூற்றுக்கு 11 பேர் ஆயினர் என்று ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க அம்மையார் கண்டார். பிறர் தேசத்து அழகை அளவுகோலாகக் கொள்ளும் அடிமைத்தனம் எவ்வளவு விரைவில் உடலுக்குள் இறங்கும் என்பதற்கு இதனினும் சாட்சி வேண்டுமோ?

விரதத்தையும் இதனோடு குழப்பலாகாது. விரதம் பூண்டவருக்கு ஒரு நோக்கம் உண்டு; ஒரு முடிவும் உண்டு. சத்தியாக்கிரகி தன் உடல் தளர்வதை அறிவார். கோரிக்கை நிறைவேறிய அன்று பழரசம் பருகுவார். நோயாளிக்கு முடிவு நாளென்பதே இல்லை. குறித்த எடையை அடைந்ததும் அதனினும் குறைந்த எடை ஒன்று முன்னே வந்து நிற்கும். நிறுத்த நினைத்தாலும் நிறுத்த மாட்டாமையே நோயின் அடையாளம். ஆனால் நோய் விரதத்தின் வேஷம் பூணுவதும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் உபவாசம் இரண்டாகி நான்காகும்போது வீட்டார் விழித்துக்கொள்ளவேண்டும்.

அபாயமும் சிகிச்சையும்

36 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2011-ம் வருஷத்தில் வெளியான கணக்கின்படி, இந்நோயாளிகளின் மரண விகிதம் அதே வயதுடைய மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. இறந்தோரில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். மற்றையோரில் பலர் இருதயத் தளர்ச்சியாலும், இரத்தத்தில் பொட்டாசியம் முதலிய உப்புக்கள் குறைவதாலும் திடீரென மாண்டவர். எலும்பு தேய்தல் நோய் தீர்ந்த பின்னும் நீடிக்கக்கூடும்.

ஆயினும் இது தீராத நோயன்று. 119 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2002-ம் வருஷத்தில் வெளியான அறிக்கையின்படி, பிழைத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முற்றும் குணமடைந்தனர். மூன்றிலொரு பங்கினர் ஓரளவு தேறினர். ஐந்திலொரு பங்கினருக்கே நோய் நாட்பட்டு நின்றது. விரைவில் கண்டு விரைவில் சிகிச்சை தொடங்கினால் நலம் மிகும். ஆனால் நெடும் பட்டினிக்குப் பின் திடீரென மிகுதியாக உணவூட்டுவது உயிருக்கே ஆபத்து. யுத்தத்தில் பட்டினி கிடந்து மீண்ட கைதிகள் சிலர் உணவு பெற்ற பின் இறந்ததனால் உலகம் கற்ற பாடம் அது. ஆகவே மெலிவு கடுமையாயிருந்தால் உணவூட்டல் வைத்தியர் மேற்பார்வையிலேயே நடைபெறவேண்டும்.

பெற்றோரே தகுதியற்றவர் என்று கல் சொன்னதை லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரி வைத்தியர்கள் மாற்றியமைத்தனர். அவர்கள் 1987-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோய் தொடங்கி மூன்று வருஷத்துக்குட்பட்ட இளம் நோயாளிகளுக்கு, பெற்றோரையே முன்னிறுத்திச் செய்யும் சிகிச்சை தனியே நோயாளியிடம் பேசும் சிகிச்சையினும் அதிகப் பலனளித்தது. குற்றவாளிக் கூண்டில் நின்ற தாயும் தந்தையும் சிகிச்சையின் துணைவராயினர். பிள்ளை மீது கோபம் கொள்ளாது, நோயின் மீது மட்டும் உறுதி காட்டி, வேளைதோறும் உடனிருந்து உண்பிப்பதே அவர்களுக்குக் கற்பிக்கப்படும் முறை.

நம் கடமை

கூட்டங்களில் பேசுவோரும், சங்கங்களை நடத்துவோரும், பத்திரிகை படிப்போரும் இவ்விஷயத்தில் செய்யத்தக்கன சில உண்டு. ஒருவரின் பருமனையும் மெலிவையும் பரிகாசத்துக்கோ புகழ்ச்சிக்கோ பொருளாக்காதிருத்தல் முதலாவது. உணவைத் தவிர்க்கச் சாக்குத் தேடுதல், உண்டவுடன் தனியே ஒதுங்குதல், ஓயாத உடலுழைப்பு, எப்போதும் குளிரென்று போர்த்திக்கொள்ளுதல், மாதவிலக்கு நிற்றல், மயக்கம் ஆகிய குறிகள் இளம் வயதினரிடம் தொடர்ந்து தோன்றினால், ஆணாயினும் பெண்ணாயினும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் இரண்டாவது. வழி தெரியாதோர், இந்திய சர்க்கார் 2022-ம் வருஷத்தில் ஏற்படுத்திய டெலி மானஸ் என்னும் மனநல உதவியை 14416 என்ற எண்ணில் தொலைபேசி மூலம் கேட்கலாம். பிடிவாதக்காரி என்ற சொல்லை அறவே விடுதல் மூன்றாவது.

பசியை ஒழிப்போம் என்று நாம் சபதம் செய்திருக்கிறோம். உண்ணச் சோறில்லாதவனுக்குச் சோறளிப்பது அச்சபதத்தின் ஒரு பாதி. சோறு முன்னே இருந்தும் கைநீட்ட முடியாமல் நோய் தடுத்து நிற்கும் குழந்தையை அடையாளங் கண்டு, இது உன் குற்றமன்று என்று சொல்லிக் கரையேற்றுவது மற்றப் பாதி.